மணலைப் பிரிக்கும் சோப்பு

கேரளத்தின் குளத்தூர் ஊராட்சியில் உள்ள கடலோர ஊர் பொழியூர். நெய்யாற்றின்கரை வட்டம் தெற்கே கடலைத் தொட்டு முடிவது இங்கேதான். அடுத்த ஊரான நீரோடி கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்தபோது விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்துக்கு வந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. அதுவரை ஒரே ஆட்சியின் கீழ் இருந்த கரை அது. தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிற மீனவர்கள் அன்றும் இன்றும் ஒரே கடலில்தான் வலை போடுகிறார்கள்.

தென்மேற்குப் பருவத்தில் கடல் கொந்தளித்து ஓய்ந்த பிறகு இந்தக் கரையெங்கும் கறுப்பு வரிகள் தெரியும். அலை வேகமாக ஏறும்போது எல்லா மணலையும் வாரிக்கொண்டு வருகிறது. திரும்பி இறங்கும் நீருக்கு அந்த வேகம் இல்லை. லேசான வெள்ளை மணலை மட்டும் இழுத்துச் செல்கிறது. கனமானது கரையிலேயே தங்கிவிடுகிறது. இப்படித் தங்கியதைத்தான் ஊரார் கருமணல் என்கிறார்கள். ஒரு சிட்டிகை எடுத்து உருப்பெருக்கியின் கீழ் வைத்தால் அது கறுப்பு மட்டும் இல்லை என்று தெரியும். கறுத்துப் பளபளப்பது இல்மனைட். சிவப்பாக மின்னுவது கார்னெட். செம்பழுப்பு மணிகள் ரூட்டைல், தேன் நிறத்தில் உருண்டிருப்பது மோனசைட், நிறமில்லாமல் ஒளிர்வது சிர்கான். நீண்டு மெலிந்த சிலிமனைட் மணிகளும் உண்டு. இவை எல்லாவற்றோடும் சாதாரண மணலான குவார்ட்ஸ் கலந்திருக்கும். பெரும்பாலான மணிகள் கால் மில்லிமீட்டருக்கும் சிறியவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் பழம்பாறைகள் உதிர்ந்து, நெய்யாறும் குழித்துறை ஆறும் சுமந்து வந்து கடலில் சேர்த்த கனிமங்கள் இவை.

இவற்றை ஒன்றிலிருந்து ஒன்று எப்படிப் பிரிப்பது? கேள்வி எளிதாகத் தெரிகிறது. ஒரு லாரி மணலில் கோடானுகோடி மணிகள். எதையும் கையால் பொறுக்க முடியாது. எல்லாவற்றையும் கரைத்துப் பிரிப்பது கட்டுப்படியாகாது. மணியை மணியாகவே வைத்துக்கொண்டு, அதன் ஏதோ ஒரு குணத்தைப் பிடித்து ஒதுக்க வேண்டும். துகள்களைக் கையாளும் பொறியியல் என்ற துறையின் அடிப்படைச் சிக்கல் இதுதான். சிமென்ட், பால்பவுடர், மாத்திரை, பெயின்ட், உரம், செம்புத் தாது என்று தொழிற்சாலைக்குள் போகிற, வருகிற பொருள்களில் பெரும்பகுதி ஏதோ ஒரு கட்டத்தில் தூளாக இருக்கிறது. ஆனாலும் ராக்கெட்டுக்கும் கணினிக்கும் கிடைக்கிற கவனம் தூளுக்குக் கிடைப்பதில்லை. இது எனக்கு நெடுநாளைய ஆதங்கம்.

இந்தக் கரையின் மணலை உலகம் கவனித்த கதையே தற்செயலாக நடந்தது. திருவிதாங்கூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலை 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் சோதித்துப் பார்த்தார். அதில் மோனசைட் இருந்தது. அன்றைக்கு மோனசைட்டுக்கு நல்ல கிராக்கி. பெட்ரோமாக்ஸ் போன்ற விளக்குகளில் வெண்ணிறமாக ஒளிரும் மேன்டில், தோரியம் ஆக்சைடும் துளி சீரியம் ஆக்சைடும் கலந்து செய்யப்படுவது; தோரியம் மோனசைட்டிலிருந்து வருகிறது. கயிறு எங்கே முறுக்கப்பட்டது என்று தேடிக்கொண்டு ஷோம்பெர்க் இதே கரையில் உள்ள மணவாளக்குறிச்சிக்கு வந்து ஆலை அமைத்தார். முதல் உலகப்போர் மூண்டதும் ஜெர்மானியர் என்பதால் அவர் கையை விட்டு அது போயிற்று. விடுதலைக்குப் பிறகு 1950 ஆகஸ்ட் 18 அன்று இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1952 டிசம்பரில் அதன் ஆலுவா ஆலையை நேரு திறந்து வைத்தார். மணவாளக்குறிச்சியில் இன்றும் மணல் பிரிக்கப்படுகிறது.

ஆலைக்குள் நடப்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் வரப்போகிற பேராசிரியரின் ஆராய்ச்சிக்குத் தேவை ஏன் வந்தது என்பது அங்கேதான் விளங்கும். முதல் படி எடை. குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, இல்மனைட் 4.5-க்கு மேல், மோனசைட் 5-ஐத் தாண்டும். நம் வீட்டில் அரிசி அரிக்கும்போது நீரை அலைத்து ஊற்ற ஊற்ற அரிசி வழிந்துபோய்க் கல் அடியில் தங்குகிறதே, அதே வேலையைச் சுருள் வடிவத் தொட்டிகள் செய்கின்றன. மாடிப்படி போல இறங்கும் சுருளில் மணற்குழம்பு வழியும்போது கனமான மணிகள் உள்விளிம்போடு ஒட்டி இறங்கும். லேசானவை நீரோடு வெளிவிளிம்புக்குப் போகும். 1940-களில் அமெரிக்கரான ஹம்ப்ரீஸ் அமைத்த இந்தக் கருவிக்கு நகரும் உறுப்பு ஒன்றுமில்லை. இன்றைக்கும் உலகெங்கும் கடற்கரை மணல் ஆலைகளில் இதன் வழிவந்தவைதான் ஓடுகின்றன.

அடுத்தது காந்தமும் மின்சாரமும். இல்மனைட் காந்தத்துக்கு நன்றாக இழுபடும், மின்சாரத்தையும் கடத்தும். ரூட்டைல் கடத்தும், ஆனால் காந்தத்துக்கு வராது. கார்னெட்டும் மோனசைட்டும் காந்தத்துக்கு வெவ்வேறு அளவில் இழுபடும், ஆனால் கடத்தாதவை. சிர்கானும் சிலிமனைட்டும் குவார்ட்ஸும் இரண்டுக்கும் அசையாது. காய்ந்த மணலைச் சுழலும் உலோக உருளை மேல் கொட்டி, மேலிருந்து இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம் கொடுத்து எல்லா மணிகளுக்கும் மின்னூட்டம் ஏற்றுகிறார்கள். கடத்தும் மணி தன் மின்னூட்டத்தை உடனே உருளைக்குக் கொடுத்துவிட்டுச் சுழற்சியின் வேகத்தில் தெறித்து விழுகிறது. கடத்தாத மணி மின்னூட்டத்தை விடாமல் உருளையோடு ஒட்டிக்கொண்டே சுற்றிவருகிறது; பின்பக்கம் தூரிகை வைத்துத் துடைத்து எடுக்க வேண்டியிருக்கிறது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மணலைச் சூடேற்றி ஈரத்தை ஒட்ட எடுக்காவிட்டால் இந்தப் பிரிப்பு கெட்டுப்போகும். சிர்கான் மணியின் உள்ளே மின்சாரம் போகாது. ஆனால் அதன் மேல் படிந்த, கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் வழியாகப் போகும். ஈரமான சிர்கான், ரூட்டைலைப் போலவே தெறித்து விழுந்து கணக்கைக் குழப்பிவிடும். உப்புக்காற்றும் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உள்ள கரையில் இது சிறிய சங்கதி இல்லை. மணியின் உள்ளே என்ன கனிமம் இருக்கிறது என்பதை, சில மூலக்கூறு தடிமனே உள்ள அதன் மேற்பரப்பு மறைத்துவிட முடிகிறது.

எல்லாம் பிரித்த பிறகும் ஒரு மிச்சம் நிற்கும். சிர்கான் கனமானது, அதை எடைவழியே எடுத்துவிடலாம். சிலிமனைட்டின் அடர்த்தி 3.2. குவார்ட்ஸ் 2.65. இத்தனை சிறிய மணிகளில் இந்த வித்தியாசம் போதாது. இரண்டும் காந்தத்துக்கு வராது, இரண்டும் கடத்தாது, பார்வைக்கும் ஏறக்குறைய ஒன்று. சிலிமனைட் வேண்டும், அதிக வெப்பத்தில் அது முல்லைட்டாக மாறி உருகாமல் தாங்குவதால் எஃகு உலைகளுக்கும் கண்ணாடி உலைகளுக்கும் செங்கல் செய்ய உதவுகிறது. எடை, காந்தம், மின்சாரம் மூன்றும் கைவிட்ட இடத்தில் சோப்பு உதவிக்கு வருகிறது.

நுரைமிதப்பு என்று இதற்குப் பெயர். மணற்குழம்பில் சோடா உப்பிட்டுக் காரத்தன்மையைச் சரிசெய்து, குவார்ட்ஸ் மிதக்காமல் அடக்க சோடியம் சிலிக்கேட் சேர்த்து, பிறகு ஓலியிக் அமிலம் சிறிதளவு விடுகிறார்கள். தாவர எண்ணெய்களில் இருக்கும் கொழுப்பமிலம்தான் அது. காரத்தோடு சேரும்போது சோப்பாகிறது. அதன் ஒரு முனைக்கு நீர் பிடிக்கும், மறுமுனையான நீண்ட கார்பன் வாலுக்கு நீர் பிடிக்காது. சிலிமனைட்டின் மேற்பரப்பில் அலுமினிய அணுக்கள் உண்டு. ஓலியேட்டின் தலை அவற்றைப் பற்றிக்கொள்ள, வால் வெளியே நீட்டி நிற்கிறது. குவார்ட்ஸில் அலுமினியம் இல்லை. இப்போது கீழிருந்து காற்றுக் குமிழிகளை விட்டால், நீரை வெறுக்கும் மேற்பரப்பு பெற்ற சிலிமனைட் குமிழியில் ஒட்டி நுரையோடு மேலேறுகிறது. குவார்ட்ஸ் நனைந்தபடி கீழே கிடக்கிறது. தண்ணீரைவிட மூன்று மடங்கு கனமான கல் மிதக்கிறது!

ஆலைக்கு இது போதும். அறிவியலுக்கு இதில் ஒரு பெரிய கேள்வி இருந்தது. சேர்க்கும் சோப்பு மிக மிகக் குறைவு. நீரில் அத்தனை குறைந்த செறிவில் தனித்தனியாக அலைகிற மூலக்கூறுகள், கல்லின் மேற்பரப்பில் எப்படி இத்தனை அடர்த்தியாகச் சேர்கின்றன? கொஞ்சம் கூட்டினால் மிதப்பு ஏன் படிப்படியாகக் கூடாமல் திடீரென்று எகிறுகிறது? இன்னும் கூட்டினால் மிதந்தது ஏன் மறுபடி மூழ்குகிறது? இதற்கு அளந்து விடை சொன்னவர்களில் முதன்மையானவர் ஒரு மலையாளி: பொன்னிச்சேரில் சோமசுந்தரன்.

அவர் 1939 ஜூன் 28-இல் இன்றைய திருச்சூர் மாவட்டத்தில் உள்ள பழூக்கரையில் பிறந்தார். 1958-இல் கேரளப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. பட்டம், 1961-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் உலோகவியலில் பொறியியல் பட்டம். அதே வேகத்தில் அமெரிக்காவின் பெர்க்லிக்குப் போய் 1962-இல் முதுகலையும் 1964-இல் முனைவர் பட்டமும் பெற்றார். அப்போது வயது 25. அவருக்கு வழிகாட்டியவர் டக்ளஸ் ஃபர்ஸ்டனாவ். அவரோ தன் ஆசிரியர் அன்டாய்ன் காடினோடு சேர்ந்து 1955-இல் ஒரு ஊகத்தை முன்வைத்திருந்தார். சோப்பு மூலக்கூறுகள் நீரில் ஒரு குறிப்பிட்ட செறிவைத் தாண்டினால் வால்களை உள்ளே மடக்கி உருண்டையாகத் திரளும். மைசெல் என்பது அதுதான். கல்லின் மேற்பரப்பில் அதைவிட மிகக் குறைந்த செறிவிலேயே அவை வால்களால் ஒன்றையொன்று பற்றித் திட்டுத் திட்டாகத் திரளுகின்றன என்பது ஊகம். அரை மைசெல் என்று அதைச் சொல்லலாம். ஊகத்துக்குச் சான்று தேடித் தருவது இளம் சோமசுந்தரனின் வேலையாயிற்று.

அவர் செய்த ஒரு சோதனை வால் நீளத்தைப் பற்றியது. வால்கள் ஒன்றையொன்று பற்றுவது உண்மையானால், வால் நீள நீளத் திரள்வது எளிதாக வேண்டும். வால் நீளம் மட்டும் மாறி மற்றதெல்லாம் ஒன்றாக இருக்கும் சேர்மங்களை வரிசையாக எடுத்துக் குவார்ட்ஸின் மேல் சோதித்தபோது அதுவே கிடைத்தது. வாலில் ஒரு கார்பன் கூடும்போதெல்லாம், திரள்வதற்குத் தேவையான செறிவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இறங்கிற்று. வால்கள் தனித்தனியாக நின்றால் இப்படி ஆகாது.

மற்றது 1966-இல் சோமசுந்தரனும் ஃபர்ஸ்டனாவும் வெளியிட்ட ஆய்வு. என் மதிப்பில் துகளறிவியலின் மிக அழகான வரைபடங்களில் ஒன்று அதில் இருக்கிறது. எடுத்துக்கொண்ட தூள் அலுமினா. ஒரு கிராமின் மேற்பரப்பை விரித்தால் 15 சதுர மீட்டர் அளவுக்கு வரும் நுண்தூள். சோப்பு, பன்னிரண்டு கார்பன் வால் கொண்ட சோடியம் டோடெசில் சல்ஃபோனேட். நீரின் பிஎச் மதிப்பு 7.2-இல் நிறுத்தப்பட்டது. அந்த நிலையில் அலுமினாவின் மேற்பரப்பு நேர்மின்னூட்டம் கொண்டது, சல்ஃபோனேட் எதிர்மின்னூட்டம் கொண்டது. செறிவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் கல்லில் எவ்வளவு சேர்ந்தது என்று அளந்தார்கள். கூடவே மின்புலத்தில் துகள் எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்றும் பார்த்தார்கள். துகளின் வெளிப்புற மின்னூட்டம் என்ன என்பதை அந்த நகர்வு சொல்லிவிடும்.

இந்தக் கோட்டை நான்கு துண்டாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். முதல் துண்டு நிதானமாக ஏறுகிறது. எதிரெதிர் மின்னூட்டங்கள் இழுப்பதால் சல்ஃபோனேட் அயனிகள் ஒவ்வொன்றாக வந்து உட்காருகின்றன. ஒன்றை ஒன்று கண்டுகொள்வதில்லை. ஒரு செறிவில் கோடு சட்டென்று செங்குத்தாக நிமிர்கிறது. இரண்டாம் துண்டு அது. ஏற்கெனவே உட்கார்ந்தவற்றின் வால்கள் புதிதாக வருகிறவற்றின் வால்களைப் பற்றத் தொடங்கிவிட்டன. கூட்டம் கூட்டத்தை அழைக்கிறது. மூன்றாம் துண்டில் ஏற்றம் குறைகிறது. மாறும் அந்தப் புள்ளியில்தான் துகளின் நகர்வு நின்று, பின் எதிர்ப்பக்கமாகத் திரும்புகிறது. அதாவது கல்லின் நேர்மின்னூட்டம் முழுக்கச் சமப்பட்டுவிட்டது. இனி வரும் அயனியை ஏற்கெனவே இருப்பவை தள்ளுகின்றன, வால்களின் பற்று மட்டுமே இழுக்கிறது. நான்காம் துண்டு தட்டை. நீரிலேயே மைசெல்கள் உருவாகத் தொடங்கிவிட்டதால் கூடுதலாகப் போடுகிற சோப்பு அங்கே போய்விடுகிறது, கல்லுக்கு வருவதில்லை.

ஆலையில் தலையைச் சொறிய வைத்த கேள்விகள் பலவற்றுக்கு இந்த ஒற்றைக் கோடு விடை சொல்லிற்று. மிதப்பு எகிறும் இடம் இரண்டாம் துண்டு. பிந்திய கட்டத்தில் மேலே வந்து சேரும் மூலக்கூறுகள் தங்கள் நீர்விரும்பும் தலையை வெளிப்புறம் நீட்டி அடுக்குவதால் கல் மறுபடி நனைகிறது, குமிழியை விட்டு நழுவுகிறது. மருந்தை அதிகம் ஊற்றினால் விளைச்சல் குறையும் என்று அனுபவத்தில் தெரிந்திருந்த ஆலைக்காரர்களுக்கு எவ்வளவு, ஏன் என்பது கிடைத்தது. இந்த வரைபடத்தை இன்றைக்கும் சோமசுந்தரன், ஃபர்ஸ்டனாவ் இருவர் பெயரால்தான் குறிப்பிடுகிறார்கள். தாதுவோடு அது நிற்கவுமில்லை. பழைய எண்ணெய்க் கிணறுகளில் மிஞ்சிய எண்ணெயைச் சல்ஃபோனேட் கரைசலால் கழுவி எடுக்க முயன்றபோது, விலைகொடுத்து வாங்கிய சல்ஃபோனேட்டைப் பாறை குடித்துவிடுவது பெரிய இழப்பாக இருந்தது. எவ்வளவு குடிக்கும் என்று கணக்கிட அதே நான்கு துண்டுக் கோடுதான் தேவைப்பட்டது.

பட்டம் பெற்ற பின் சில ஆண்டுகள் சோமசுந்தரன் தொழிற்சாலை ஆய்வுக்கூடங்களில் இருந்தார். பாஸ்பேட் எடுக்கும் இன்டர்நேஷனல் மினரல்ஸ் அண்ட் கெமிக்கல் நிறுவனம் அவற்றில் ஒன்று. 1970-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1864-இல் அமெரிக்காவின் முதல் சுரங்கக் கல்விப் பள்ளி தொடங்கியது அங்கேதான். 1983-இல், சுரங்கப் பொறியாளர் ஹென்றி கிரம்பின் மனைவி லாவோன் டடில்சன் கிரம்பின் பெயரிலான பேராசிரியர் பதவிக்கு முதலாமவராக நியமிக்கப்பட்டார். 1985-இல் அமெரிக்கத் தேசியப் பொறியியல் அகாதெமி உறுப்பினர் ஆனார். 2010-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ அளித்தது. பட்டியல் நீளும். அவற்றைவிட, கொலம்பியாவில் அவர் எடுத்த ஒரு முடிவுதான் என்னை அதிகம் ஈர்க்கிறது.

1966-இன் கோடு, கல்லின் மேல் எவ்வளவு சேர்ந்தது என்பதைச் சொன்னது. சேர்ந்தவை எப்படி நிற்கின்றன, ஒரு திட்டில் எத்தனை இருக்கின்றன என்பது அப்போதும் ஊகம்தான். அதை நேரில் பார்க்க வேண்டும் என்று அவர் நினைத்தார். அதே பல்கலைக்கழகத்தில் நிக்கோலஸ் டுரோ என்ற ஒளிவேதியியலாளர் இருந்தார். சுரங்கத் துறைப் பேராசிரியர் அவரோடு கைகோத்தார். பைரீன் என்றொரு மூலக்கூறு உண்டு. புறஊதா ஒளி பட்டால் ஒளிரும். தன்னைச் சுற்றி நீர் இருக்கிறதா, எண்ணெய்ப் பசையான சூழல் இருக்கிறதா என்பதைப் பொறுத்து அந்த ஒளியின் நிறமாலையில் உச்சிகளின் உயரம் மாறும். மிகச் சிறிதளவு பைரீனை அலுமினாவும் சோப்பும் கலந்த குழம்பில் சேர்த்து ஒளியை அளந்தார்கள். முதல் துண்டில் பைரீன் தான் நீரில் இருப்பதாகச் சொன்னது. இரண்டாம் துண்டு தொடங்கிய செறிவில் சட்டென்று மாறிற்று. வால்களின் திட்டுக்குள் புகுந்துவிட்டது. நீரில் அப்போது மைசெல் ஒன்றுகூட உருவாகியிருக்கவில்லை. ஆகவே அந்த எண்ணெய்ச் சூழல் கல்லின் மேற்பரப்பில் மட்டுமே இருக்க முடியும். ஒளி அணையும் வேகத்தைக் கொண்டு ஒரு திட்டில் எத்தனை மூலக்கூறுகள் என்றும் எண்ணினார்கள். நூற்றுக்கு மேல் வந்தது, கோடு மேலேற மேலேறக் கூடியது. 1987-இல் இந்த முடிவுகள் வெளிவந்தன. 1955-இன் ஊகத்துக்கு முப்பது ஆண்டுக்குப் பிறகு நேரடிச் சான்று.

பைரீனைப் பாலிமர் சங்கிலிகளில் கட்டி இன்னொரு கேள்வியையும் கேட்டார்கள். நீரிலுள்ள நுண்தூளைத் திரட்டிக் கீழே இறக்கப் பாலிமர் சேர்ப்பது வழக்கம். பாலி அக்ரிலிக் அமிலம் அமிலநீரில் சுருண்டிருக்கும், காரநீரில் நீண்டு விரியும். சங்கிலி சுருண்டிருந்தால் அதில் கட்டிய பைரீன்கள் அருகருகே வந்து வேறு நிறத்தில் ஒளிரும். விரிந்தால் அந்த ஒளி போய்விடும். சுருண்ட நிலையில் அலுமினாவில் ஒட்டிய சங்கிலி, நீரைக் காரமாக்கியதும் மேற்பரப்பிலேயே விரிந்தது. ஆனால் விரிந்த நிலையில் ஒட்டியது, அமிலம் சேர்த்தாலும் சுருளவில்லை. பல இடங்களில் கல்லோடு பிணைந்துவிட்டது. ஒரே பொருள்கள், ஒரே அளவு, கடைசியில் ஒரே பிஎச். இருந்தும் எதை முதலில் செய்தோம் என்பதைப் பொறுத்து விளைவு வேறு. முதலில் சுருட்டி ஒட்டவைத்துப் பிறகு விரியவிட்டால் துகள்கள் நன்றாகத் திரண்டு இறங்கின. ஆலை நடத்துகிறவருக்கு இதைவிடப் பயனுள்ள செய்தி வேண்டுமா?

நுண்தூளின் மீது சோமசுந்தரனுக்கு இருந்த அக்கறைக்குக் காரணம் உண்டு. ஒரு சென்டிமீட்டர்ப் பக்கமுள்ள கனசதுரக் கல்லின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு மைக்ரான் கனசதுரங்களாக நொறுக்கினால் 6 சதுர மீட்டர், பத்தாயிரம் மடங்கு. எடை மாறவில்லை, பொருள் மாறவில்லை, மேற்பரப்பு மட்டும் பெருகிவிட்டது. பத்து மைக்ரானுக்குக் கீழே போனால் நுரைமிதப்பும் தடுமாறும். அத்தனை சிறிய துகளுக்கு உந்தம் இல்லை. குமிழியில் மோதாமல், அதைச் சுற்றி வளையும் நீரோடு தானும் வளைந்து போய்விடும். போதாக்குறைக்கு பெரிய மணிகளின் மேல் பூச்சாகப் படிந்து அவற்றையும் கெடுக்கும். புளோரிடாவின் பாஸ்பேட் சுரங்கங்களில் இப்படி மிஞ்சிய களிச்சேறு பெரும் குளங்களில் ஆண்டுக்கணக்காக இறுகாமல் கிடக்கிறது. தரமான தாது தீர்ந்து, நொறுக்கி நொறுக்கி எடுக்க வேண்டிய தாதே மிஞ்சும் காலத்தில் இந்தத் தூளின் பங்கு கூடிக்கொண்டே போகும் என்பதை அவர் முன்பே கண்டார். 1980-இல் நுண்துகள் செயல்முறை பற்றி லாஸ் வேகஸில் நடந்த பன்னாட்டுக் கருத்தரங்கின் கட்டுரைகளை இரண்டு தொகுதிகளாக அவர் பதிப்பித்தார்.

மேற்பரப்பின் கதை தாதுவைப் பிரித்ததோடு முடிவதில்லை என்பதற்கும் இந்தக் கரையிலேயே சான்று உண்டு. திருவனந்தபுரம் கொச்சுவேளியில் 1946-இல் நிறுவப்பட்ட டிராவன்கூர் டைட்டானியம் ஆலை, இல்மனைட்டைக் கந்தக அமிலத்தில் கரைத்து வெள்ளை டைட்டானியம் டை ஆக்சைடு நிறமி செய்கிறது. கறுப்பு மணல் வெள்ளைப் பெயின்டாகும் இடம். அந்த வெண்மை வெறும் வேதியியலால் மட்டும் வருவதில்லை. துகளின் அளவு ஏறத்தாழ கால் மைக்ரான், கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தில் பாதி அளவில் இருந்தால்தான் ஒளியை மிக நன்றாகச் சிதறடித்துச் சுவரை மறைக்கும். பெரிதானாலும் குறை, சிறிதானாலும் குறை. வெயிலில் இந்த ஆக்சைடு தன்னைச் சுற்றியுள்ள பெயின்டையே சிதைத்துப் பொடியாக்கும் குணம் கொண்டது. அதனால் வெளிச்சுவர்ப் பெயின்டுக்கான நிறமித் துகள்களின் மேல் அலுமினாவும் சிலிக்காவும் மெல்லிய பூச்சாகப் படியவைக்கப்படுகின்றன.

இத்தனையும் சொல்லும்போது கரையில் வாழ்கிறவர்களை மறந்துவிடக் கூடாது. பொழியூரை ஒட்டிய தமிழகப் பகுதியில், கிள்ளியூர் வட்டத்தின் கொல்லங்கோடு, ஏழுதேசம் உள்ளிட்ட ஊர்களில் சுமார் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டம் வந்தபோது மக்கள் கடுமையாக எதிர்த்தார்கள். கடலரிப்பு, கதிர்வீச்சு, குடிநீர், வீடு என்று அவர்கள் அச்சங்கள் நீள்கின்றன. நெருக்கமாக வீடுகள் நிற்கும் கரை அது. அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்லாமல் ஆலை நடத்தக் கூடாது என்பதே என் கருத்து. அவர்களின் கேள்விகளில் ஒரு பகுதி நேராகத் துகளறிவியலின் கேள்வி: திரும்பக் கொட்டும் மணலோடு என்ன போகிறது? பிரிக்கப் பயன்படுத்திய மருந்து நீரில் எங்கே போய்ச் சேர்கிறது? சேறு எத்தனை நாளில் இறுகும்?

சோமசுந்தரனின் பிற்கால ஆய்வுகளில் ஒன்று இங்கே பொருந்துகிறது. பெட்ரோலியத்திலிருந்து வரும் சோப்புப் பொருள்களுக்குப் பதிலாக, மண்ணில் எளிதில் மக்கிப்போகும் சர்க்கரைத் தலை கொண்டவற்றை அவரும் மாணவர்களும் 1990-களில் ஆராய்ந்தார்கள். டோடெசில் மால்ட்டோசைடு அவற்றில் ஒன்று. ஒருமுனையில் மால்ட்டோஸ் சர்க்கரை, மறுமுனையில் பன்னிரண்டு கார்பன் வால். இது அலுமினாவின் மேல் நன்றாகச் சேர்ந்தது, சிலிக்காவின் மேல் ஏறக்குறைய சேரவேயில்லை. நீரில் இதற்கு மின்னூட்டம் கிடையாது. ஆகவே மின்னிழுப்பு காரணமாக இருக்க முடியாது. சர்க்கரையின் ஹைட்ராக்சில் முனைகளுக்கும் அலுமினாவின் மேற்பரப்புக்கும் இடையிலான ஹைட்ரஜன் பிணைப்பே காரணம் என்று விளக்கினார்கள். அலுமினியம் உள்ள மேற்பரப்பையும் வெறும் சிலிக்காவையும் பிரித்தறியும் மூலக்கூறு என்றால், சிலிமனைட்டும் குவார்ட்ஸும் கலந்த மணல் உடனே நினைவுக்கு வராமல் போகுமா? சிலிமனைட்டில் அலுமினியத்தோடு சிலிக்கானும் இருக்கிறது; தூய அலுமினாவில் நடந்தது அப்படியே அங்கும் நடக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. மால்ட்டோசைடு விலை கூடிய ஆய்வகப் பொருள். ஆனால் அதன் உறவினர்களான குளுக்கோசைடுகள், ஸ்டார்ச்சிலிருந்தும் தேங்காயெண்ணெயின் கொழுப்பிலிருந்தும் தொழிற்சாலை அளவில் செய்யப்பட்டு ஷாம்புவில் கலக்கப்படுகின்றன. தேங்காயெண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறத்தாழ பாதி, பன்னிரண்டு கார்பன் கொண்ட லாரிக் அமிலம்தான். திருவனந்தபுரம் பாப்பனங்கோட்டில் இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வகம் இருக்கிறது. அங்கிருந்து பொழியூர் மணல் சிறிது தூரம்தான். ஒரு கிலோ மணல், வெவ்வேறு பிஎச் மதிப்புகளில் குளுக்கோசைடு கரைசல், ஒரு சிறு மிதப்புக் கலன், நுரையில் ஏறியதையும் கீழே தங்கியதையும் எடைபோட ஒரு தராசு. சோதித்துப் பார்க்க இவ்வளவு போதும்.